தகப்பன் சொத்தில் பங்கு

கேள்வி: அமெரிக்காவில் வெள்ளைக்கார எஜமானர்களுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள், தகப்பன் சொத்தில் பங்கு கேட்க வழி இருந்ததா?

பதில்: பங்கு கேட்பது இருக்கட்டும். பாகப்பிரிவினையில் அந்தப் பிள்ளைகளையே அல்லவா பங்கு போட்டார்கள்!

ஆரம்பத்தில் ஒரு சின்னச் சந்து இருந்தது. அப்போது ஆங்கிலேயக் காலனியாக இருந்த வர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்று ஒரு பெண். அம்மா ஆப்பிரிக்க அடிமை. அப்பா தாமஸ் கீ, சட்டசபை உறுப்பினராக இருந்த ஆங்கிலேயர். 9 வருஷம் வேலை, அப்புறம் விடுதலை என்று பேசி 1636ல் மகளை ஒருவரிடம் ஒப்படைத்தார். அந்த 9 வருஷம் 19 ஆனது. 1655ல், அப்போது அவருக்கு எஜமானராக இருந்த ஜான் மாட்ரம் இறந்ததும், சொத்தைக் கணக்கெடுத்தவர்கள் எலிசபெத்தையும் அடிமை என்று அதில் சேர்த்துவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். எலிசபெத்தின் அம்மாவைக் கர்ப்பமாக்கியதற்காகத் தாமஸ் கீ அபராதம் கட்டினார் என்று 80 வயது மூதாட்டி ஒருவர் வந்து சாட்சி சொன்னார். தகப்பனின் அந்தஸ்துதான் பிள்ளைக்கு என்பது ஆங்கிலேயச் சட்டம். முதலில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்று, 1656ல் விடுதலை வாங்கினார். வழக்கை நடத்திய வில்லியம் கிரின்ஸ்டெட்டையே மணந்துகொண்டார்.

ஆறே வருஷத்தில் அந்தச் சந்தை அடைத்தார்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662ல் வர்ஜீனியா சட்டம் போட்டது. நிலம், வீடு, பெயர் எல்லாம் தகப்பன் வழி. இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தாய் வழி. பெற்றவனுக்குப் பொறுப்பும் இல்லை, பிறந்த பிள்ளை அவன் சொத்தாகவும் ஆனது. இதைவிடக் கேவலமான சட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

1773ல் ஜான் வேல்ஸ் என்ற பண்ணையார் இறந்தார். மருமகன், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சனுக்கு மனைவியின் பங்காக வந்தது 135 அடிமைகள். அதில் ஒரு கைக்குழந்தை, சாலி ஹெமிங்ஸ். வேல்ஸ்தான் அவளுடைய தகப்பன் என்று சாலியின் மகன் மேடிசன் 1873ல் சொல்லியிருக்கிறார். அப்படியானால், ஒரு மகள் இன்னொரு மகளின் சீதனமாகப் போயிருக்கிறாள்.

தனக்கும் தம்பி எஸ்டனுக்கும் ஜெஃபர்சன்தான் தகப்பன் என்றும் மேடிசன் சொன்னார். 1998ல் எஸ்டனின் வம்சத்தில் செய்த மரபணுச் சோதனையும் அதற்கு வலு சேர்த்தது. 1826ல் ஜெஃபர்சன் எழுதிய உயிலில் இருவர் பெயரும் இருக்கிறது. தச்சர் ஜான் ஹெமிங்ஸிடம் வேலை பழகுபவர்கள் என்று. 21 வயது வரை அவர்கள் உழைப்பு அந்தத் தச்சருக்கு, அதன் பிறகு விடுதலை. நிலத்தில் ஒரு சாண் கூட எழுதவில்லை.