புதுத் தாதியர் கையில் மருந்து அலமாரிச் சாவி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு கிளினிக் டேசாவை, அதாவது கிராமக் கிளினிக்கைப் பொறுப்பேற்று நடத்தும் மூத்த தாதி ஒருவர் கேட்கிறார்:

"ஐயா, எங்கள் கிளினிக்குப் புதிதாக இரண்டு சமூகத் தாதியர் வந்திருக்கிறார்கள். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மற்ற நாள்களில் தோட்டத்து ஆட்கள் காய்ச்சல், கால்வலி, சளி என்று இந்தப் பிள்ளைகளிடமே மருந்து கேட்கிறார்கள். இருவரும் கெட்டிக்காரர்கள், மருந்துப் பெயரெல்லாம் மனப்பாடம். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. இவர்கள் தாங்களாக எதைக் கொடுக்கலாம்? எப்படிப் பழக்குவது? எத்தனை நாள் பிடிக்கும்?"

சகோதரி, அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள். அரசாங்க கிளினிக் மருந்தகங்களில் முப்பது ஆண்டு நின்றவன் நான். மருந்து கொடுக்கப் பயப்படாத ஆளைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் தாதியருக்குத் தம் பொறுப்பில் எல்லா மருந்தும் எழுதும் உரிமை கிடையாது. 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அந்த இடத்தில் பதிவு பெற்ற மருத்துவரையும் பல் மருத்துவரையும், விலங்குகளுக்குக் கால்நடை மருத்துவரையும்தான் வைத்திருக்கிறது. அரசாங்கச் சேவைக்குள் மட்டும் ஓர் ஏற்பாடு உண்டு. சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு மருந்துக்கும் நேரே ஓர் எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் நிபுணர், 'பி' என்றால் மருத்துவ அதிகாரி, 'சி' என்றால் துணை மருத்துவப் பணியாளர், 'சி பிளஸ்' என்றால் அவர்களில் பேறுகாலப் பணி செய்கிறவர்கள். உங்கள் பிள்ளைகள் நிற்கும் இடம் இந்தக் கடைசி இரண்டு எழுத்துகள். நீரிழிவுக்கான மெட்ஃபோர்மினும் ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிப்பினும் 'பி'. "இனிப்பு நீர் மாத்திரை ஒன்றுக்கு ரெண்டா போடட்டுமா மிஸ்ஸி?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறியிருந்தாலும் அதில் மாற்றமில்லை.

ஆகவே முதல் வேலை, பட்டியலைச் சுருக்குவது. அமைச்சு அனுமதித்த மருந்துகளிலும் உங்கள் கிளினிக்கில் உண்மையில் புழங்குவதை மட்டும் ஒரு தாளில் எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். பதினைந்து, இருபது மருந்துக்கு மேல் தாண்டாது.

சமூகத் தாதியருக்கு மருந்து எழுதும் உரிமையைப் படிப்படியாகக் கொடுத்துப் பார்த்த நாடு பிரிட்டன். அங்கே வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடும் தாதி, எந்தக் கட்டு வேண்டும் என்று தெரிந்திருந்தும் டாக்டரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1986-இல் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு இதை மாற்றச் சொன்னது. 1992-இல் சட்டம் வந்தது, 1994-இல் எட்டு இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். அப்போது கொடுத்த பட்டியல் மிகச் சிறியது: கட்டுத்துணி, மலமிளக்கி, பாராசிட்டமால், பேன் மருந்து, இப்படி. தனிப் பயிற்சி முடித்தவர்களுக்கு மருந்துப் புத்தகம் ஏறக்குறைய முழுதாகத் திறந்தது 2006-இல். இருபது ஆண்டு! அந்தப் பயிற்சியே 26 நாள் வகுப்பு, அதற்கு மேல் ஒரு டாக்டரின் கண்முன்னால் 12 நாள் வேலை என்று வகுக்கப்பட்டது. நம் சட்டம் வேறு, அவர்கள் சட்டம் வேறு. ஆனாலும் சின்னப் பட்டியலை முழுதாகத் தெரிந்துகொண்டு மெல்ல விரிப்பது என்ற அந்த வழியை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இனி பழக்கும் விதம். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு பிளாஸ்டிக் பையில் தொடங்குங்கள். நம் பாட்டிமார்கள் கொண்டு வருவார்களே, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் காய்கறி வாங்கிய அதே சிவப்புப் பை. "வீட்டில் இருக்கும் எல்லா மருந்தும், தைலம், லேகியம், ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து உட்பட எடுத்து வாருங்கள்" என்று நான்கைந்து முதியவர்களிடம் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு அந்தப் பையை மேசையில் கொட்டுங்கள். புதுத் தாதி ஒவ்வொன்றாக எடுத்து, இது என்ன, யார் கொடுத்தது, எதற்கு, எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதட்டும். நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

ஒருமுறை அப்படி ஒரு பையிலிருந்து கிளிக்லசைட் என்ற நீரிழிவு மாத்திரை அட்டை இரண்டு வந்தது. ஒன்று அரசாங்க கிளினிக்கில் வாங்கியது. மற்றது டவுனில் தனியார் கிளினிக்கில் வாங்கியது, அட்டையில் டயமிக்ரோன் என்று வணிகப் பெயர். இரண்டும் ஒரே மருந்து. அந்த அம்மாவுக்கு அது பச்சை அட்டை, இது வெள்ளை அட்டை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விரதத்தன்று வெறும் வயிற்றில் இரண்டையும் போட்டுக்கொண்டு, கோயில் வாசலில் வியர்த்து விழுந்திருக்கிறார். "சாமி வந்துடுச்சுன்னு நெனச்சாங்க தம்பி" என்று அவரே சொன்னார். உண்மையில் சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. நம் நாட்டில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் மேலே. ஆகையால் "எனக்கு ஒண்ணுமில்ல மிஸ்ஸி, வெறும் முட்டி வலி" என்று வருகிறவரையும் பை இல்லாமல் நம்பக்கூடாது. ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரிலும் நீர் பிரியும் மாத்திரையும் எடுக்கிறவர் மேலே டைக்லோஃபெனாக் போன்ற ஒரு வலி மாத்திரையையும் சேர்த்தால், மூன்றும் கூடிச் சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். ஜாமு, மாஜூன் போன்ற நாட்டு மருந்துப் பொட்டலத்தையும் விடாமல் கேட்கச் சொல்லுங்கள். சில தயாரிப்புகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ. திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. "அந்தப் பொட்டலம் சாப்பிட்டா வலி உடனே பறந்துடும்" என்று கேட்டாலே காது நிமிர வேண்டும்.

அடுத்தது எடைத் தராசும் ஊசியில்லாத சிரிஞ்சும். குழந்தைக்கு மருந்து கொடுப்பதில்தான் கணக்கு தவறும். பாராசிட்டமால் குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நம் கடைகளில் சிரப் இரண்டு வலுவில் கிடைக்கிறது: 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அந்த 150 என்பது ஆறேகால் மில்லி. இரண்டாவதில் மூன்றே மில்லி. பாட்டில் மாறி அதே ஆறேகால் மில்லியை ஊற்றினால் 300-க்கு மேல் போய்விடும். ஒரு வேளை தவறினால் பிழைத்துக்கொள்ளலாம். மூன்று நாள், நாளுக்கு நான்கு வேளை தொடர்ந்தால் ஈரலைப் பார்க்க வேண்டிவரும்.

நானே இதில் இடறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. "வீட்டில் மருந்து இருக்கு சார், எத்தனை மில்லின்னு மட்டும் சொல்லுங்க" என்றார் ஒரு தாய். எங்கள் அலமாரி பாட்டிலை நினைத்துக்கொண்டு ஆறு மில்லி என்றேன். அவர் வீட்டில் இருந்தது வலு கூடிய பாட்டில். மறுநாள் அவரே பாட்டிலோடு வந்து காட்டினார். இரண்டு வேளைதான் போயிருந்தது, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பாட்டிலைப் பார்க்காமல் மில்லி சொன்னதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் அதே பழக்கம்: குழந்தையை நிறுத்து, மில்லிகிராம் கணக்குப் போட்டு, பாட்டிலின் வலுவைச் சத்தமாகப் படித்து, பிறகுதான் மில்லி. அந்த மில்லியைத் தாயின் கண்முன் சிரிஞ்சில் இழுத்து, கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். சமையலறைக் கரண்டி வேண்டவே வேண்டாம்.

எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். அரை மில்லிகிராமுக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் வெறும் புள்ளி ஐந்து என்று எழுதினால் அடுத்தவர் ஐந்து என்று படிப்பார். ஒன்றுக்குப் பின்னால் புள்ளி பூஜ்யம் போட்டால் பத்து என்று படிப்பார். மெட்ஃபோர்மினும் மெட்ரோனிடசோலும் அவசரக் கையெழுத்தில் ஒரே மாதிரி தெரியும். முழுப் பெயர், முழு அளவு, நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள். சுருக்கெழுத்து எதுவும் கூடாது.

மருந்துப் பையின் ஒட்டுத்தாள் மலாயில் இருக்கும். 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்குப் பின். இரண்டும் 'செ'-யில் தொடங்குகின்றன, கண் மங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு அந்தத் தாளால் என்ன பயன்? காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை, பக்கத்தில் மாத்திரை எண்ணிக்கைக்குப் புள்ளி. வரைந்து கொடுத்த பிறகு, "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்கம்மா, எனக்குச் சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்ல வைக்கச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம்மவர்கள் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.

மறுத்துப் பேசுவதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். மருந்து கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. நீங்களே நோயாளியாக நடித்துப் பழக்குங்கள். "மிஸ்ஸி, உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு, ஒரு ஊசி போடுங்களேன், நாளைக்குக் காலைப் பிரட்டுல பேர் கொடுத்து வேலைக்குப் போகணும்." பிள்ளை கேட்க வேண்டியது: "காய்ச்சல் எத்தனை நாளாச்சு அண்ணே? வாந்தி, வயித்துவலி இருக்கா? பல் ஈறுல ரத்தம் வருதா?" மூன்றாம் நாள் காய்ச்சல் என்றால் டெங்கி நினைவு வர வேண்டும். டெங்கியில் டைக்லோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம், ஆஸ்பிரின் போன்ற வலி மருந்து எதுவும் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். "இந்தக் காய்ச்சலுக்கு ஊசி ஆபத்து அண்ணே. பாராசிட்டமால் தரேன், நிறையத் தண்ணி குடிங்க. இப்பவே ரத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதறேன்." இந்தக் கடைசி வாக்கியம் வாயில் தானாக வரும்வரை நடிக்க வையுங்கள். அண்ணன் கோபித்துக்கொள்வார், தோட்டத்து மருத்துவ உதவியாளரை நினைத்து, "பழைய டிரெசர் இருந்தா போட்டிருப்பாரு" என்பார். அதையும் சொல்லிக் காட்டுங்கள், பிள்ளை அசையாமல் நிற்கட்டும்.

பட்டியலில் உள்ள சாதாரண மருந்தும் ஆளைப் பார்த்துத்தான். சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின், நாம் பிரிட்டோன் என்போமே, அது தூக்கம் தரும். விடியற்காலை நான்கரைக்கு மோட்டார் சைக்கிளில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவருக்கும், செம்பனைக் குலை அறுக்க நீளக் கத்தி தூக்குகிறவருக்கும் முந்தின இரவு பதினோரு மணிக்கு அது வேண்டாம். புரோஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்குச் சிறுநீரை அடைத்துவிடும். பிள்ளை பெறும் வயதிலுள்ள எந்தப் பெண்ணிடமும் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்காமல் மருந்து எடுக்கக்கூடாது. வெட்கப்பட்டால் தனியே கூப்பிட்டுக் கேட்கட்டும். ஆண்டிபயாட்டிக் உங்கள் சுவர்த்தாளில் வேண்டாம், அதை டாக்டருக்கே விடுங்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நான் நாளை எண்ண மாட்டேன், ஆளை எண்ணுவேன். முதல் முப்பது நோயாளிகளை நீங்கள் பார்க்க, அவர் பக்கத்தில் நிற்கட்டும். அடுத்த முப்பது பேரை அவர் பார்க்க, நீங்கள் நில்லுங்கள். மருந்து கைமாறும் முன் உங்கள் தலையசைப்பு வேண்டும். அதன் பிறகு தனியே விடலாம். ஆனாலும் அன்றன்றைய சீட்டுகளை மாலையில் ஒரு தடவை புரட்டுங்கள். டாக்டர் வரும் நாளில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, அந்த வாரத்தின் ஐந்து சீட்டுகளை அவர் முன்னால் வையுங்கள். பெரிய கிளினிக்கின் மருந்தாளரையும் மாதம் ஒருமுறை கூப்பிடுங்கள்; கூப்பிட்டால் வருவோம், எங்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பதுதான் எங்கள் குறை.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். கைதவறி எடுத்த பாட்டில், கொடுக்கும் முன் கண்ணில் பட்ட தவறு, எல்லாம் அதில் ஏறட்டும், யார் செய்தது என்ற பெயர் இல்லாமல். முதல் பக்கத்தில் உங்களுடைய தவறு ஒன்றை எழுதி வையுங்கள் சகோதரி. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்தைத் தொட மாட்டார்கள்.