எலும்புக்கூட்டை எளிய வடிவங்களில் வரைதல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, உடலிலுள்ள 206 எலும்புகளையும் மனப்பாடம் செய்த பிறகுதான் மனித உருவம் வரையத் தொடங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. அவற்றில் 106 எலும்புகள் கைகளிலும் பாதங்களிலுமே அடங்கிவிடுகின்றன. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மண்டையோடு, விலாக்கூடு, இடுப்பெலும்பு ஆகிய மூன்றையும், அவற்றைக் கோத்து நிற்கும் முதுகெலும்பையும் பழகுங்கள். மண்டைக்கு ஓர் உருண்டை, தாடைக்கு அதன் முன்புறம் கீழ்நோக்கிக் குறுகும் ஓர் ஆப்பு, விலாக்கூட்டுக்குக் குறுகிய முனை மேலே இருக்கும்படி நிறுத்திய முட்டை, இடுப்புக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் வடிவங்களைத்தான் வரைகிறேன், ஆனாலும் உருவம் மரக்கட்டை போல விறைத்து நிற்கிறது. எங்கே பிழை?

பதில்: மூன்றையும் ஒரே நேர்க்கோட்டில் அடுக்கியிருப்பீர்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று பாருங்கள். மேல்முதுகும் பிட்டமும் சுவரைத் தொடும்போது, இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் முட்டையின் மேல்முனை பின்னோக்கியும் பெட்டியின் மேல்விளிம்பு முன்னோக்கியும் சாய்ந்திருப்பதும், கழுத்தின் 7 முள்ளெலும்புகள் முன்வளைந்தும், மார்பின் 12 பின்வளைந்தும், இடுப்பின் 5 மீண்டும் முன்வளைந்தும் செல்வதும்தான் அந்த இடைவெளிக்குக் காரணம். ஆகவே வடிவங்களுக்கு முன்பே இந்த வளைகோட்டைப் போட்டுவிடுங்கள்; என் மாணவர்களிடம் நான் ஓயாமல் வற்புறுத்துவது இது ஒன்றைத்தான்.

முன்புறத் தோற்றத்திலும் சாய்வு உண்டு. எடையை ஒரு காலில் தாங்கி நிற்கும்போது அந்தப் பக்க இடுப்பு உயர்கிறது, அதே பக்கத் தோள் தாழ்கிறது. சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் திரிபங்கமாக, அதாவது கழுத்து, இடை, முழங்கால் என மூன்று இடங்களில் வளைந்து நிற்கும் உமையைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது, இடுப்பின் குறுக்கே மனத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

கேள்வி: முன்கையைத் திருப்பி வரைந்தால் வடிவம் குலைந்துவிடுகிறதே?

பதில்: முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. முழங்கையை மேசைமேல் ஊன்றி, சுண்டுவிரல் பக்க எலும்பை மற்றக் கையால் பிடித்தபடி உள்ளங்கையைத் திருப்புங்கள். பிடித்த எலும்பு ஏறத்தாழ அசையாமல் இருக்க, கட்டைவிரல் பக்க எலும்பு அதன்மேல் குறுக்காகப் புரள்வதை உணர்வீர்கள். முழங்கையருகே உருளையாகவும் மணிக்கட்டருகே தட்டையான பெட்டியாகவும் வரைந்து, பெட்டியை மட்டும் திருப்பினால் குலையாது.

கேள்வி: தொடை எலும்பின் நீளத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: மொத்த உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. அது செங்குத்தாக இறங்காமல் முழங்காலை நோக்கி உட்புறமாகச் சாய்கிறது என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: எலும்புக்கூட்டு மாதிரி வாங்க எனக்கு வசதியில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோளுக்குச் செல்வது), இடுப்பின் முன்முனை, முழங்கை போன்றவை தோலுக்கு அடியிலேயே இருப்பதால் உங்கள் உடலிலேயே தொட்டுப் பார்க்கலாம். அத்துடன் 1543இல் வெளியான வெசாலியஸின் உடற்கூறு நூலிலுள்ள படங்களை இணையத்திலிருந்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியில் சாய்ந்து நிற்கும் எலும்புக்கூட்டின் மேல் மெழுகுத்தாளை வைத்து, எலும்புகளைப் பொருட்படுத்தாமல் முட்டையையும் பெட்டியையும் மட்டும் வரையுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, அதே நிலையை நினைவிலிருந்து வரைந்து ஒப்பிடுங்கள்.