சொகுசு ஃபோர் வீல் டிரைவில் ஒளிந்திருக்கும் துரு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2008ஆம் ஆண்டு ரேஞ்ச் ரோவர் ஒன்றை வாங்க நினைக்கிறேன். பானெட்டிலும் நான்கு கதவுகளிலும் காந்தம் ஒட்டவே இல்லை. வண்டி முழுக்கப் பட்டி (பள்ளம், ஓட்டையை நிரப்பப் பூசும் பசை) பார்த்து துருவை மறைத்திருக்கிறார்களா?

பதில்: இல்லை, பயப்படாதீர்கள். அந்தத் தலைமுறையில் பானெட், முன் மட்கார்டுகள், கதவுகள் எல்லாமே அலுமினியம். அதில் காந்தம் ஒட்டாது. காந்தச் சோதனையை இரும்பில்தான் செய்ய வேண்டும்: பின் சக்கர வளைவுகள், கதவுக்குக் கீழே ஓடும் படிப்பகுதி, பின்பக்கத் தகடுகள். சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஓர் இடத்தில் வைத்தால் வலப்பக்கமும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டியாகப் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் நடுவே பட்டி இருக்கிறது.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. இரும்பு, அலுமினியம் இரண்டிலும் அளக்கும் வகையாக இருக்கட்டும். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 160 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். 300ஐத் தாண்டினால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கலாம். 1000க்கு மேல் போனால் அது பட்டிதான்.

அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது என்பதால் அதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். இரும்பு போல்ட்டோ கீலோ அதைத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால், இரும்பைவிட முதலில் அலுமினியம்தான் அரிபடும். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். உடைத்தால் உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். கதவின் கீழ் மடிப்பையும் கீல்களைச் சுற்றியும் விரலால் தடவிப் பாருங்கள்.

1970 முதல் 1996 வரை வந்த முதல் ரேஞ்ச் ரோவரில்தான் ஏமாற வாய்ப்பு மிக அதிகம். வெளித்தகடுகள் பெரும்பாலும் அலுமினியம், உள்கூடு இரும்பு. வெளியே நேர்த்தியாக இருக்கும்போதே உள்ளே கால் வைக்கும் குழி, டிக்கித் தளம், உடல் சேஸியோடு (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) சேரும் இடங்கள் எல்லாம் பொத்துப் போயிருக்கும். மேல், கீழ் இரண்டு பின்கதவுகளையும் திறந்து ஓரங்களைப் பாருங்கள்.

கேள்வி: தனிச் சேஸி உள்ள பழைய லேண்ட் குரூசரின் அடியில் படுத்து எதை எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் உயிர்ப் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சேஸிக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்குவது) உள்ள வண்டி என்றால் இரட்டைக் கவனம். காற்றுக் கசிந்தாலோ, கதவைத் திறந்து மூடும்போது உயரத்தைச் சரிசெய்ய முயன்றாலோ வண்டி தானாக இறங்கிவிடும். ஒர்க்‌ஷாப் லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதே சிறந்தது.

பளிச்சென்ற டார்ச், சின்னச் சுத்தி, ஸ்க்ரூடிரைவர், வளையும் கம்பி, கைப்பிடிக் கண்ணாடி, இவை போதும். தட்டிப் பார்க்க விற்பவரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

பின்னாலிருந்து தொடங்குங்கள். சக்கரம் வாரி இறைக்கும் சேறு பின் ஆக்சிலுக்கு மேல் சேஸி வளையும் இடத்தில் தங்கும். சேஸி உள்ளே பொள்ளலான பெட்டி. நீர் வடியும் துளைகளில் சேறு அடைத்தால் உள்ளே ஈரம் காயாது. துரு உள்ளிருந்து வெளியே வரும். அதனால்தான் வெளிப்பூச்சு நன்றாக இருக்கும் சேஸியும் ஒருநாள் விரலுக்கே உடைகிறது. துளைக்குள் கம்பியை விட்டுக் கிளறுங்கள். மண் கொட்டினால் பரவாயில்லை. ஏடு ஏடாகத் துருச்செதில் கொட்டினால் ஆபத்து. பிறகு அரையடிக்கு ஒருமுறை சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே முன்னே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். அங்கே மட்டும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள்.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பிடிப்புகள், ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம், உடலைச் சேஸியில் தாங்கும் ரப்பர் பிடிப்புகள் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். பழுப்புத் தூளாகத் துடைத்தால் போகும் மேல்துரு எந்தப் பழைய வண்டியிலும் இருக்கும். அதற்காக வண்டியைக் கைவிட வேண்டியதில்லை.

பிரேக் பைப்பைக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் பாருங்கள்; ஈரம் தங்குவது அங்கேதான். மேற்பரப்பு குழி குழியாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோல் டாங்குக்கு மேலே ஓடும் பகுதிக்கு டாங்கையே இறக்க வேண்டிவரும். பைப்பைவிடக் கூலியே அதிகம். மாற்றும்போது செம்பு-நிக்கல் கலவைப் பைப் போடச் சொல்லுங்கள், துருப்பிடிக்காது.

இன்னொன்று, பலர் பார்க்காதது: சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்டுகள். ஆர்மின் முனையிலுள்ள புஷ்ஷின் (நடுவே இரும்புக் குழாய் உள்ள ரப்பர் உருளை) உள் குழாயோடு துருவேறி ஒட்டிக்கொண்டால் வீல் அலைன்மென்ட் செய்ய முடியாது. போல்ட்டை அறுத்து, புஷ்ஷையும் சேர்த்து மாற்ற வேண்டும். வாங்கும் முன் அலைன்மென்ட் போட்டுப் பார்த்தாலே இது வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருக்கிறார்கள். நல்லதுதானே?

பதில்: விற்பனைக்குச் சற்று முன் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். துருவின் மேல் அடித்த தார்க் கோட்டிங் விரிசல் விட்டு ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். போல்ட் தலை, ரப்பர், பைப் என்று எல்லாவற்றின் மேலும் அப்பியிருந்தால் அவசர வேலை. துருவைச் சுரண்டும் முன் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். உட்புறத் துளைகளில் மெழுகு தெளித்த அடையாளம் இருந்தால் அக்கறையுள்ளவர் வைத்திருந்த வண்டி.

கேள்வி: உள்ளே ஈர வாடை வருகிறது. ஏசி தண்ணீர் என்கிறார் விற்பவர்.

பதில்: இருக்கலாம். சன்ரூஃப் வடிகுழாய் அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு. கார்பெட்டைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சைப் பிழிந்து பாருங்கள். சன்ரூஃப் பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சீட் பெல்ட், இருக்கை போல்ட் பிடிக்கும் தளத்தில் துரு இருக்கிறதா என்பதே இங்கே முக்கியம்.

கேள்வி: சேஸியில் ஓரிடத்தில் வெல்டிங் ஒட்டு இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஒட்டுத் தகடு சேஸியின் தடிமனுக்குக் குறையாமல், சுற்றிலும் இடைவெளியின்றி வெல்டு ஓடியிருந்தால், அழுகிய இரும்பை வெட்டி எடுத்துவிட்டே ஒட்டியிருந்தால், வாங்கலாம். அங்கங்கே புள்ளி வைத்து, துருவின் மேலேயே தகடு போர்த்தியிருந்தால் ஓரத்தைச் சுற்றி மறுபடி பொரிந்திருக்கும். அது ஸ்டியரிங் பாக்ஸ் அல்லது ஸ்பிரிங் பிடிப்பின் அருகே என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.