கையும் கதையுமா வீட்டுலயே படிப்பு: உங்க கேள்விகளுக்கு பதில்

பிள்ளைங்கள வீட்லயே வச்சு படிக்க வைக்கிறவங்க எழுதுங்கன்னு போன மாசம் கேட்டிருந்தோம். வந்த கடிதத்துல பாதிக்கு மேல கைவேலை, கதை, செஞ்சு பாத்து படிக்கிறது பத்தித்தான் இருந்துச்சு, அதனால இந்த தடவ அதுக்கு மட்டும் பதில். ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (ஈரோடு): அக்கா, என் பொண்ணுக்கு 8 வயசு, பையனுக்கு 6. இந்த ஜூன்லேர்ந்து ரெண்டு பேரும் வீட்லதான் படிக்கிறாங்க. கலர் பேப்பர், க்ளே, கிளிட்டர்னு நெறைய வாங்கி வச்சிருக்கேன், யூடியூப் பாத்து தினமும் ஒரு கிராஃப்ட் செய்றோம், பசங்க சந்தோஷமா இருக்காங்க. ஆனா ராத்திரி படுக்கும்போது இன்னிக்கு என்ன கத்துக்கிட்டாங்கன்னு யோசிச்சா ஒண்ணும் சொல்லத் தெரியல. இது போதுமா, தனியா பாடம் நடத்தணுமா?

பதில்: சரியான இடத்துலதான்மா உங்களுக்கு சந்தேகம் வந்திருக்கு. வீடியோ பாத்து அப்படியே செஞ்சா கை பழகும், கத்தரிக்கோல் பிடிக்க வரும், ஒரு இடத்துல உக்கார பொறுமை வரும், அதெல்லாம் வேணும்தான். ஆனா யோசிக்கிற வேலைய அந்த வீடியோக்காரங்க முன்னாடியே முடிச்சுட்டாங்க, உங்க பொண்ணுக்கு மிச்சம் இருக்கிறது வெட்டி ஒட்டுறது மட்டும்தான். பிள்ளையே எண்ணனும், ஊகிக்கணும், தப்பாகணும், அழிச்சுட்டு மறுபடி செய்யணும், அப்படிப்பட்ட வேலையா பாத்து குடுங்க. செஞ்சு முடிச்சதும் அத பத்தி பத்து நிமிஷம் உக்காந்து பேசுங்க. நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றது இந்த ரெண்டாவது விஷயத்தத்தான், ஏன்னா பேசாம விட்டா கை செஞ்சது கையோடயே போயிடுது.

உதாரணத்துக்கு கோலத்த எடுத்துக்கோங்க. வாசல்ல இல்ல மொட்டை மாடில பொண்ணுகிட்ட கோலப்பொடிய குடுத்து முதல்ல ஒரு புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்க. அடுத்து பக்கத்துல தனியா 1, 3, 1னு மூணு வரிசை. அதுக்கடுத்து 1, 3, 5, 3, 1. அப்புறம் 7 வரைக்கும் போய் திரும்பி 1க்கு வரணும். இப்ப ஒவ்வொண்ணுலயும் மொத்தம் எத்தன புள்ளின்னு தம்பிய எண்ணச் சொல்லுங்க, 1, 5, 13, 25ன்னு வரும். ஒண்ணுலேர்ந்து அடுத்ததுக்கு எவ்வளவு கூடுதுன்னு கேளுங்க. 4, 8, 12. அந்த இடத்துல நீங்க வாயே திறக்கக் கூடாது, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல, "அய்யோ நாலாம் வாய்ப்பாடு"ன்னு அதுங்களே சொல்லட்டும். அடுத்த கோலத்துக்கு எத்தன புள்ளி வேணும்னு வைக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க, 16 கூட்டி 41ன்னு சொல்லிட்டு வச்சு எண்ணிப் பாத்து சரியா வந்துச்சுன்னா அந்த முகத்த பாக்கணும் நீங்க. இன்னொரு நாள் மேல் பாதிய மட்டும் பாருங்க, 1ம் 3ம் சேந்தா 4, அதோட 5 சேந்தா 9, 7 சேந்தா 16. ஒத்தப்படை எண்ண வரிசையா கூட்டிக்கிட்டே போனா வர்றதெல்லாம் வர்க்க எண், ரெண்ரெண்டா 4, மும்மூணா 9, நாநாலா 16. இது பெரிய கிளாஸ்ல வர்ற கணக்கு, உங்க வாசல்லயே கிடக்குது. புள்ளிய சுத்தி கை எடுக்காம ஒரே இழையா சிக்குக் கோலம் போட்டு முடிக்கிறது அதவிட பெரிய சவால், ஆறு வயசுக்கு அது கொஞ்சம் கஷ்டம், அக்கா போட தம்பி விரல் வச்சு இழைய தொடர்ந்து போகட்டும்.

கிளிட்டர் தீந்ததும் மறுபடி வாங்காதீங்க. தென்னங்கீத்துல காத்தாடி, பாம்பு, வாட்ச் செய்யத் தெரிஞ்சவங்க தெருவுல யாராவது ஒருத்தர் இருப்பாங்க, அவங்க கையால கத்துக்கட்டும். நொங்கு சீசன்ல நொங்கு வண்டி. சக்கரமா மாட்டுற ரெண்டு கூந்தலும் (நொங்கு எடுத்த காய்) ஒரே அளவா இல்லன்னா வண்டி ஏன் ஒரு பக்கமா வளைஞ்சு போகுதுன்னு ஓட்டிப் பாத்தே கண்டுபிடிப்பாங்க. அரவிந்த் குப்தான்னு ஒரு இன்ஜினியர், கான்பூர் ஐஐடில படிச்சவர், தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப், பழைய பேப்பர், ஸ்ட்ரா வச்சே நூத்துக்கணக்கான அறிவியல் பொம்மை செஞ்சு காட்டி எல்லாத்தயும் இலவசமா பொதுவுல வச்சிருக்கார், 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. காசு செலவில்லாம செய்யணும்னா அவர் பொம்மைங்கள தேடிப் பாருங்க.

கேள்வி (மதுரை): என் பையனுக்கு 7 வயசு முடியப் போகுது, கதைன்னா உயிர், சொல்லச் சொல்ல கேப்பான், அவனே புதுசு புதுசா சொல்லுவான். ஆனா தமிழ் எழுத்த பாத்தாலே ஓடுறான். அ, ஆவுலேர்ந்து நாலு தடவ ஆரம்பிச்சு நிறுத்திட்டோம்.

பதில்: கதை சொல்ற பிள்ளைக்கு வாசிக்க வர்றது ரொம்ப தூரம் இல்ல, கவலைப்படாதீங்க. அ, ஆவ கொஞ்ச நாள் ஓரமா வைங்க, அதெல்லாம் சுழி சுழியா வளைஞ்சு வர்ற எழுத்து. ட, ப எடுத்துக்கோங்க, கோடு கோடா இருக்கும், அப்புறம் ம. இந்த மூணையும் புள்ளியையும் வச்சே படம், மடம், பட்டம், மட்டம்னு வாசிச்சுடலாம், ஒரே வாரத்துல "நான் வாசிச்சுட்டேன்"னு ஒரு தெம்பு வரும். ஹார்டுவேர் கடைல உப்புத்தாள் கிடைக்கும், அதுல எழுத்த வெட்டி அட்டைல ஒட்டி, எழுதுற திசைலயே விரலால தடவ விடுங்க, தடவும்போது அந்த சத்தத்த வாயால சொல்லணும். இது மரியா மாண்டிசோரி அம்மாவோட முறை, அவங்க 1939ல நம்ம சென்னை அடையாறுக்கே வந்து டீச்சர்களுக்கு பயிற்சி குடுத்திருக்காங்க.

அதோட நீங்க தினமும் செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. அவன் ஒரு கதை சொல்லட்டும், நீங்க அவன் சொல்ற மாதிரியே எழுதுங்க. "ஆடு ஓடிச்சு, நாய் தொரத்திச்சு, ஆடு செவுத்துல ஏறிடிச்சு"ன்னு சொன்னா அப்படியே எழுதுங்க, ஓடியது, துரத்தியதுன்னு திருத்தாதீங்க, திருத்தினீங்கன்னா அது அவன் கதை இல்ல, வேற யாரோ எழுதின பாடம் ஆயிடும். பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்துல. கீழ அவன் படம் வரையட்டும். நாலு பக்கம் ஆனதும் ஊசி நூலால நடுவுல தச்சு அட்டை போட்டு, அட்டைல அவன் பேரு. ராத்திரி அத அவனே வாசிப்பான், மொதல்ல பாதி மனப்பாடமாத்தான் சொல்லுவான், சொல்லட்டும். தனக்குத் தெரிஞ்ச வரில தனக்குத் தெரிஞ்ச எழுத்து எங்க இருக்குன்னு தேடும்போதுதான் எழுத்து ஒட்டிக்குது. எழுத்துத்தமிழ் கதைப் புத்தகத்த நீங்க வாசிச்சுக் காட்டிக்கிட்டே இருங்க, அது காது வழியா தானா வந்துடும்.

கேள்வி (தென்காசி): நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். என் மருமகள் பேத்தியை வீட்டிலேயே வைத்து அரிசி அளப்பதும் மண் பிசைவதும்தான் படிப்பு என்கிறாள். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பிள்ளைக்குத் தெரியவில்லை. இது எங்கே போய் முடியும்?

பதில்: ஐயா வணக்கம். வாய்ப்பாடு மனப்பாடமா தெரியணும்னு நீங்க சொல்றது நியாயம், அதுல நான் உங்க பக்கம்தான். கோலத்துல நாலாம் வாய்ப்பாட கண்டுபிடிச்ச பிள்ளையும் அப்புறம் அத வேகமா சொல்லப் பழகணும், இல்லன்னா பெரிய கணக்கு வரும்போது தடுமாறும்.

ஆனா கைத்தொழில் வழியா படிப்புங்கறது உங்களுக்கு புதுசா இருக்காது. 1937ல வார்தால காந்தி கூட்டின மாநாட்டுக்கு அப்புறம் ஜாகிர் உசேன் தலைமைல குழு போட்டு உருவாக்கினதுதான் ஆதாரக் கல்வி, நூல் நூக்கிறது, தோட்டம், இதுக்குள்ளயே கணக்கையும் மொழியையும் வைக்கணும்னு சொன்னாங்க. திண்டுக்கல் பக்கத்துல 1947ல சௌந்தரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் ஆரம்பிச்ச காந்திகிராமம் அந்த வழில வந்ததுதான்.

இப்ப அரிசி அளக்கிறதுக்கு வர்றேன். ஆழாக்கு ரெண்டு ஒரு உழக்கு, உழக்கு ரெண்டு ஒரு உரி, உரி ரெண்டு ஒரு படி. பேத்தி ஒரு படில எட்டு ஆழாக்கு கொட்டிப் பாத்துட்டான்னா அரைக்கால், கால், அரை மூணும் கைக்கு வந்துடுச்சு. அரையும் காலும் சேந்தா எவ்வளவுன்னு கேட்டா உரியும் உழக்கும் கொட்டி முக்கால் படி, ஆறு ஆழாக்குன்னு சொல்லுவா, பின்னத்துல கீழ இருக்கிற எண்ண சமமாக்குற வேலையே தேவைப்படல. அதே கணக்க நோட்டுல எழுதச் சொல்லி சரி பாக்கிறதுக்கு வீட்ல உங்கள விட்டா யார் இருக்கா? மாகாணி (பதினாறுல ஒரு பங்கு), அரைக்கால், கால் வாய்ப்பாடு உங்க தலைமுறைக்கு நாக்கு நுனில இருக்கும், எங்களுக்கு வராது. சாயங்காலம் அரை மணி நேரம் தாத்தா கணக்குன்னு ஒதுக்கி நீங்களே சொல்லிக் குடுங்க. உங்க மருமக மறுக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறோம், பொண்ணு ஸ்கூலுக்குத்தான் போறா, வயசு 10. ஸ்கூல விட்டு நிறுத்தாம லீவு நாள்ல மட்டும் இந்த மாதிரி அறிவியல் செய்யலாமா? லேப் சாமான் எதும் இல்ல.

பதில்: தாராளமா செய்யலாம், இதுக்காக யாரும் ஸ்கூல விடத் தேவையில்ல. கிச்சன்ல மஞ்சத்தூள தண்ணில கரைச்சு சுண்ணாம்பு ஒரு சிட்டிகை போடச் சொல்லுங்க, ஆரத்தி மாதிரி செவந்துடும், எலுமிச்ச சாறு விட்டா மறுபடி மஞ்சளாகும். சங்குப்பூ தண்ணிலயும் எலுமிச்ச விட்டுப் பாருங்க. சோப்புத் தண்ணி, மோர், புளித்தண்ணி ஒவ்வொண்ணுக்கும் என்ன நிறம்னு அவளே அட்டவணை போட்டா அமிலமும் காரமும் முடிஞ்சுது.

மொட்டை மாடில ஒரு ஞாயித்துக்கிழமை நேரா ஒரு குச்சிய நட்டு (மண்ணு ரொப்பின டப்பால நட்டா ஆடாது) காலைல பத்து மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் நிழலோட நுனில சாக்பீஸால புள்ளி வச்சு மணிய எழுதச் சொல்லுங்க, பன்னண்டு நெருங்கும்போது அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. நிழல் ரொம்ப குட்டையா இருக்கிறது சரியா 12 மணிக்குத்தான்னு அவ நினைச்சிருப்பா, உங்க ஊர்ல அப்படி வராது, எப்பவும் 12 தாண்டித்தான் வரும். ஏன்னா நம்ம கடிகாரம் ஓடுறது வடக்க பிரயாக்ராஜ் பக்கமா போற 82½ டிகிரி தீர்க்கரேகைய வச்சு, கோயம்புத்தூர் அதுக்கு மேற்க 77 டிகிரி கிட்ட இருக்கு, ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம் வித்தியாசம், அதனால சராசரியா 20 நிமிஷத்துக்கு மேலயே சூரியன் உங்க தலைக்கு லேட்டாத்தான் வருது. வருஷத்துல ரெண்டு நாள், ஏப்ரல் 18, 19 வாக்குல ஒரு தடவ, ஆகஸ்ட் 24 வாக்குல ஒரு தடவ, உச்சில அந்த குச்சிக்கு நிழலே இருக்காது. சென்னைல அதே விஷயம் ஏப்ரல் 24 வாக்குல நடக்கும். சென்னைல சொந்தக்காரங்க இருந்தா அவங்க வீட்டுப் பிள்ளையயும் ஒரு குச்சி நட வச்சு, ஒரே நாள்ல அளந்து போன்ல ரெண்டு பேரும் பேசிக்கட்டும்.

கேள்வி (சேலம்): பக்கத்து வீட்ல, ஸ்கூலுக்கு அனுப்பலன்னா போலீஸ் வரும்னு பயமுறுத்துறாங்க. பத்தாவது சர்டிபிகேட் எப்படி வாங்குறது? பின்னாடி பிள்ளையே ஸ்கூலுக்கு போறேன்னா சேப்பாங்களா?

பதில்: 2009ல வந்து 2010 ஏப்ரல் 1லேர்ந்து நடைமுறைல இருக்கிற கல்வி உரிமைச் சட்டம் 6லேர்ந்து 14 வயசு வரைக்கும் இருக்கிற பிள்ளைங்களுக்கானது. பிள்ளைய ஸ்கூல்ல சேக்கிறது பெத்தவங்க கடமைன்னு அதுல 10வது பிரிவு சொல்லுது, ஆனா சேக்காதவங்களுக்கு தண்டனைன்னு அந்த சட்டத்துல எதுவும் எழுதல. வீட்டுக்கல்விக்குன்னு தனி அனுமதியும் கிடையாது, தடையும் கிடையாது, இந்த நிலைமைய தெரிஞ்சுகிட்டு முடிவெடுங்க. திரும்ப சேக்கிறதுக்கு அதே சட்டத்துல 4வது பிரிவு இருக்கு, வயசுக்கு ஏத்த வகுப்புல சேக்கணும்னு.

பத்தாவதுக்கு வீட்டுக்கல்விக்காரங்கள்ல நெறைய பேர் போறது என்.ஐ.ஓ.எஸ்., மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி, 1989ல ஆரம்பிச்சது. 14 வயசு ஆயிருக்கணும், ஒரு மொழியாவது சேத்து அஞ்சு பாடம், தமிழையும் ஒரு பாடமா எடுக்கலாம். பொதுத்தேர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஏப்ரல் மே சமயத்துலயும் அக்டோபர் நவம்பர் சமயத்துலயும். பதிவு பண்ணா 5 வருஷம் செல்லும், அதனால எல்லா பாடத்தயும் ஒரே மூச்சுல எழுதணும்னு இல்ல, தயாரான பாடத்த முதல்ல எழுதலாம். அதுக்கு முந்தி சின்ன பிள்ளைங்களுக்கு 3, 5, 8ம் வகுப்புக்கு சமமா ஏ, பி, சின்னு மூணு நிலையும் உண்டு. பத்துக்கு அப்புறம் எந்த காலேஜ், எந்த வேலைன்னு ஒரு எண்ணம் இருந்தா அந்த இடத்துல இந்த சர்டிபிகேட்ட ஏத்துக்கறாங்களான்னு அவங்க விதிய நேரா கேட்டுக்கோங்க, குறிப்பா மாநில அரசு வேலைன்னா.

ஸ்கூல விட்டு எடுத்திருந்தா டிசி வாங்கி வச்சுக்கோங்க. பிறப்புச் சான்றிதழ்லயும் ஆதார்லயும் பேரு, இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே பாத்து, இல்லன்னா திருத்த குடுங்க, பதிவு பண்ற நேரத்துல அதுக்காக அலைய வேண்டாம். வருஷா வருஷம் பிள்ளை செஞ்சது, எழுதினது, அட்டவணை போட்டதுன்னு ஒரு ஃபைல்ல தேதி போட்டு வைங்க, நாளைக்கு ஸ்கூல்ல சேக்கப் போகும்போது எந்த வகுப்புன்னு பேச அது கைல இருக்கணும்.