கத்துகிற காது மெசின்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நாங்கள் உப்புவெளி. அப்பாவுக்கு 74 வயது. நெடுங்காலம் எஞ்சின் போட்ட வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். போன வருசம் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெசின் ஒன்று கிடைத்தது. கொஞ்ச நாள் போட்டார். பிறகு, "கீயெண்டு கத்துது, சத்தம்தான் கேக்குது, சொல்லு விளங்கேல்ல" என்று கழற்றி லாச்சிக்குள் வைத்துவிட்டார். காதுக்குள்ளேயே மறைந்துபோகும் விலைகூடின மெசின் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? எங்கள் முதியோர் சங்கத்திலும் பலரின் மெசின் இப்படித்தான் கிடக்கிறது. சங்கமாக ஏதும் செய்யலாமா?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு வாங்க வேண்டாம். கத்துகிற மெசினுக்கு உயிர் இருக்கிறது. பெருக்கிய சத்தம் எங்கோ ஒழுகி மெசினின் மைக்குக்குள் திரும்பப் போவதால்தான் அந்தக் 'கீ'. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க உங்கள் விரல் போதும்.

புதுப் பற்றரி போட்டு, மெசினைக் காதில் மாட்டாமல் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடியுங்கள். கத்த வேண்டும். இனி, காதின் வடிவுக்கு வார்த்த, காதுக்குள் போகும் அச்சின் நுனித் துளையை விரலால் இறுக்கி அடையுங்கள். கத்தல் நின்றால் மெசினிலும், அதை அச்சோடு இணைக்கும் ரியூப்பிலும் குறையில்லை. அச்சு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதுக்குள் குடும்பி, அதாவது காதழுக்கு, அடைத்திருக்கிறது. நிற்காவிட்டால் ரியூப்பைக் கழற்றிவிட்டு, ரியூப் மாட்டியிருந்த, மெசினின் வளைந்த கொக்கி நுனியை அடைத்துப் பாருங்கள். இப்போது நின்றால் ரியூப்பில் வெடிப்பு. அப்போதும் கத்தினால் மட்டுமே மெசினைத் திருத்தக் கொடுக்க வேண்டும். குடும்பியென்றால் வைத்தியசாலையில் எடுப்பியுங்கள். காய்ச்சிய எண்ணெய், பஞ்சுக் குச்சி இரண்டும் வேண்டாம். குச்சி குடும்பியை இன்னும் உள்ளே தள்ளும்.

பெரும்பாலும் குற்றவாளி ரியூப்தான். மூன்று முதல் ஆறு மாதத்தில் அது மஞ்சளித்து, விறைத்து, சுருங்கிவிடும். சுருங்கினால் அச்சையும் இடம்பெயர இழுக்கும். அப்பாவின் ரியூப் போன வருசத்தது. மாற்றுவது கடினமில்லை. வளைத்தே வரும் புது ரியூப்பின் ஒரு நுனியைச் சாய்வாக வெட்டி, அச்சின் துளைக்குள் விட்டு, வளைவு அச்சின் மேல் வந்து உட்காரும்வரை மறுபக்கத்தால் இழுக்க வேண்டும். காதுக்குள் போகும் பக்கத்தை அச்சோடு ஒட்ட நறுக்க வேண்டும். துருத்தினால் காது புண்ணாகும். மறுபக்கத்தைப் பழைய ரியூப்பின் நீளத்துக்கு வெட்டுங்கள். கொஞ்சம் நீளமாக விட்டால் மெசின் காதுக்குப் பின்னால் தொங்கி ஆடும், கட்டையாக வெட்டினால் அச்சு வெளியே கிளம்பிப் பழைய கத்தல் திரும்பும். முதல் தடவை கிளினிக்கில் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எங்கள் ஊர் உப்புக்காற்றும் வியர்வையும் மெசினுக்கு ஆகாது. ரியூப்புக்குள் ஒரு துளி ஈரம் நின்றாலே சத்தம் அடைபடும். அச்சை மட்டும் கழற்றி இளஞ்சூட்டு நீரில் கழுவி, ரப்பர் பந்து ஊதியால் ஊதுங்கள். மெசினில் தண்ணீர் படக்கூடாது. இரவில் பற்றரியை வெளியே எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிபோத்தலில் மெசினை வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், மாவு மைக்கை அடைக்கும்.

பற்றரியின் பின்னால் நிற ஒட்டி இருக்கும்: 13ஆம் இலக்கத்துக்குச் செம்மஞ்சள், 675க்கு நீலம். ஒட்டியை உரித்தவுடன் காற்றுப் புகுந்து வேலை தொடங்கும். ஒரு நிமிடம் வெளியில் வைத்துவிட்டுப் போடுங்கள். திரும்ப ஒட்டினாலும் மிச்சப்படாது. மணிக்கூட்டுக் கடையில் 675இன் அளவிலேயே ஒரு பற்றரி தருவார்கள், அது இதற்குத் தாக்குப்பிடிக்காது. பேரப்பிள்ளைகள் உள்ள வீடென்றால் பற்றரியைப் பூட்டி வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயை அரிக்கக்கூடும்.

'சொல்லு விளங்கேல்ல' என்பது வேறு கதை. வயதும் எஞ்சின் சத்தமும் முதலில் எடுப்பது கீச்சு ஒலிகளை. உயிரெழுத்து கேட்கும், மெய் நழுவும்: கடை, சடை, தடை, படை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். நீங்கள் கத்திப் பேசினால் உயிரெழுத்துத்தான் பெரிதாகும், மெய் தெளியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தில் வெளிச்சம் விழ, ஒரு மீற்றருக்குள் நின்று நிதானமாகப் பேசுங்கள். முதல் கிழமைகளில் அமைதியான வீட்டில் நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் போட்டாலே போதும், பிறகு கூட்டுங்கள். ஃபான் இரைச்சலும் தன் குரலும் எரிச்சலூட்டும். மூளை பழக ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும். அதன்பிறகும் விளங்காவிட்டால் கேட்கும் அளவைக் காட்டும் ஓடியோகிராமைப் புதிதாக எடுத்து மெசினை மறுபடி அமைக்கச் சொல்லுங்கள்.

மறைந்துபோகும் மெசினில் பெரும்பாலும் 10ஆம் இலக்கப் பற்றரி போடுவார்கள், பயற்றம்பருப்பை விடச் சற்றுப் பெரிது. 74 வயதுக் கை அதை மாற்றப் படாதபாடு படும். ஆளை அழகாகக் காட்டும் என்பதைத் தவிர அப்பாவுக்கு அதில் வேறு இலாபம் எனக்குத் தெரியவில்லை.

சங்கம் செய்யக்கூடியது நிறைய. மாதக் கூட்டத்தன்று ஒரு மேசை, நல்ல விளக்கு, ஊதி, ரியூப், சின்னக் கத்தரிக்கோல், பற்றரி சோதிக்கும் கருவி, சிலிக்கா ஜெல். ரியூப் மாற்றப் பழகிய இருவர். பற்றரியை மொத்தமாக வாங்குங்கள், காலாவதித் திகதி பார்த்து. ஆனால் யாருடைய காதையும் தோண்டக்கூடாது, மெசினைத் திறக்கக்கூடாது. ஒரே நாளில் ஒரு காது அடைத்துப்போனவர் வந்தால் மேசையில் இருத்தாமல் அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அதற்கு மருந்து பலிக்கும் காலம் மிகக் குறுகியது. மெசினே இல்லாதவர்களைக் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அனுப்பி, வைத்தியரின் சிபார்சு, ஓடியோகிராம், அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றோடு திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது மெசினை மட்டும் கொண்டு போகாதீர்கள். அச்சு, பழைய ஓடியோகிராம், எந்த இடத்தில் எந்தச் சத்தம் அவருக்குத் தொந்தரவு என்று எழுதிய தாள், மூன்றும் வேண்டும்.