வில்லியம்ஸில் எட்டு விழுக்காடு என்றால் என் மகளுக்கு எவ்வளவு? சிறு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிச் சேர்க்கை பற்றிய கேள்வி பதில்

இரண்டாயிரம் பேருக்கு உட்பட்ட அல்லது அதை ஒட்டிய எண்ணிக்கையில் பெரும்பாலும் இளங்கலை மாணவர்களையே வைத்துப் பாடம் நடத்தும் அமெரிக்கக் கல்லூரிகளில் (இவற்றையே லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் என்கிறார்கள்) இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று எங்கள் குழு உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. நான் அத்தகைய கல்லூரி ஒன்றில் படித்தவன். பத்தாண்டுகளாக விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு உதவி வருகிறேன்.

கோவையிலிருந்து ஒரு தாயார்: வணக்கம் ஐயா. வில்லியம்ஸ் கல்லூரியின் சேர்க்கை விகிதம் 8% என்கிறார்கள். அப்படியென்றால் நூறு பேர் விண்ணப்பித்தால் எட்டுப் பேருக்குக் கிடைக்கும், நன்றாகப் படிக்கும் என் மகள் அந்த எட்டில் ஒருத்தியாக வரலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, அந்த எட்டு என்பது பல வரிசைகளைக் கூட்டிப் போட்ட சராசரி, உங்கள் மகள் நிற்கும் வரிசை அவற்றில் ஒன்று மட்டுமே. கணக்கைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் வில்லியம்ஸுக்கு 15,000 விண்ணப்பங்கள் அளவில் வருகின்றன. சேருவோர் 550 பேர் அளவில். இவர்களில் ஏறத்தாழ 250 பேர், ‘ஏர்லி டிசிஷன்’ எனப்படும், கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று கையெழுத்திட்டு நவம்பரில் விண்ணப்பிக்கும் முறையில், சுமார் 1,000 பேரிலிருந்து எடுக்கப்படுகிறார்கள். அதாவது அந்த வரிசையில் நால்வரில் ஒருவருக்கு இடம். மீதமுள்ள 14,000 பேருக்கு ஏறக்குறைய 1,000 அழைப்புகளே எஞ்சுகின்றன (அழைக்கப்படுவோர் எல்லோரும் சேருவதில்லை). எட்டு என்பது அங்கேயே ஏழாகிவிடுகிறது.

நவம்பர் வரிசையைப் பார்த்து மயங்கிவிடவும் வேண்டாம். அதில் பயிற்சியாளர்கள் முன்கூட்டியே தேர்ந்து வைத்த விளையாட்டு வீரர்கள் கணிசமாக இருக்கிறார்கள். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை என்று ஒரு டாலர்கூடக் கிடையாது என்றாலும், மாணவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் கல்லூரி அணிகளில் ஆடுகிறார்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடே இதுதான். ஒரு கால்பந்து அணிக்கு வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை, ஓர் ஆண்டில் 3,500 பேரைச் சேர்க்கும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் 550 பேரைச் சேர்க்கும் வில்லியம்ஸிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிறிய பானையில் அதே அகப்பை பெரிதாகத் தெரிகிறது. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை தரும் வழக்கமும் சில கல்லூரிகளில் உண்டு. ஆம்ஹர்ஸ்ட் அதை 2021-இல் கைவிட்டது.

திருச்சியிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவர்: அண்ணா, இந்தக் கல்லூரிகளுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு?

பதில்: கட்-ஆஃப் என்று ஒன்று கிடையாது, தம்பி. பொறியியல் கலந்தாய்வில் 200-க்கு 198 வாங்கியவர் 197-ஐ முந்துவார் என்பது சட்டம். இங்கே 198 நிராகரிக்கப்பட்டு 190 எடுக்கப்படலாம், யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். மதிப்பெண் உன்னை வாசலுக்குக் கொண்டு சேர்க்கும். உள்ளே போன பிறகு கட்டுரைகள், ஆசிரியர் கடிதங்கள், பள்ளிக்கு வெளியே நீ செய்தவை எல்லாம் சேர்த்துப் படிக்கப்படுகின்றன. எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்க நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கட்டாயமா என்பதைக் கல்லூரிவாரியாகப் பார்த்துக்கொள். போடோயின் கல்லூரி 1969 முதலே அதைக் கட்டாயமாக்கவில்லை.

மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். விண்ணப்பத்தோடு ‘ஸ்கூல் புரொஃபைல்’ என்று ஓரிரு பக்கத் தாளைப் பள்ளி அனுப்ப வேண்டும். உன் பள்ளி இதற்குமுன் யாரையும் அமெரிக்காவுக்கு அனுப்பியிராவிட்டால் தலைமையாசிரியருக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது. 600-க்கு 570 என்பது உங்கள் பள்ளியில் எத்தனையாவது இடம், எந்தெந்தப் பாடங்களை எடுக்க அங்கே வழியே இல்லை, சென்ற ஆண்டு மாணவர்கள் எங்கே போனார்கள் என்பதை அதில் எழுதித் தந்தால்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு உன் 570-இன் எடை புரியும். நான் உதவிய ஒரு மாணவிக்காக அவளுடைய வேதியியல் ஆசிரியை, ஆய்வகத்தில் எத்தனை பியூரெட்டுகள் இருந்தன, அவற்றை எத்தனை பேர் பகிர்ந்துகொண்டார்கள் என்றுகூட எழுதியிருந்தார். ‘மிகச் சிறந்த மாணவி’ என்று பத்து வரி எழுதுவதைவிட அந்த ஒரு வரி மேல்.

சென்னையிலிருந்து ஒரு தந்தையார்: நிதியுதவி கேட்டால் வாய்ப்பு குறையுமா? எங்கள் குடும்ப வருமானத்தில் முழுக் கட்டணத்தை நினைத்தும் பார்க்க முடியாது.

பதில்: பெரும்பாலான இடங்களில் குறையும். இதை நேராகச் சொல்லாமல் பூசி மெழுகுவதுதான் பல ஆலோசகர்கள் செய்யும் பெரும் தவறு.

கல்லூரிகள் இதில் இரண்டு வகை. விண்ணப்பத்தைப் படிக்கும்போது பணத்தேவையைப் பார்ப்பதே இல்லை என்பது முதல் வகை. ஆங்கிலத்தில் ‘நீட்-பிளைண்ட்’ என்பார்கள். ‘நீட்’ என்றதும் நமக்கு மருத்துவ நுழைவுத் தேர்வு நினைவுக்கு வந்து வயிறு கலங்கும். இது வேறு, தேவை என்று பொருள். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இந்தக் கொள்கையைக் கடைப்பிடித்து, தேவை முழுவதையும் ஈடுசெய்யும் சிறு கல்லூரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆம்ஹர்ஸ்ட் 2008-ஐ ஒட்டியும் போடோயின் 2022-இலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இரண்டாவது வகை, தேவையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது. வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், பொமோனா ஆகியவை அமெரிக்க மாணவர்களைத் தேவை பாராமல் எடுக்கின்றன. வெளிநாட்டவர் விஷயத்தில் பார்க்கின்றன. ஆனால் எடுத்துவிட்டால் தேவை முழுவதையும் தருகின்றன. ஆண்டுக்கு 85,000 டாலருக்கு மேல் செலவாகும் படிப்பில் அது சிறு தொகை அன்று. ஆகவேதான் எண்ணி எண்ணி எடுக்கிறார்கள்.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. வில்லியம்ஸில் ஓர் ஆண்டு வகுப்பில் வெளிநாட்டு மாணவர்கள் ஐம்பதைச் சுற்றியே இருப்பார்கள். அது உலகம் முழுவதற்குமான எண்ணிக்கை. அதிலும் ஒரு பகுதி, பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் யுனைடெட் வேர்ல்டு காலேஜ் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 2000 முதல் டேவிஸ் நிதியம் வழங்கும் உதவித்தொகையோடு வருபவர்களுக்குப் போகிறது. புனே அருகே உள்ள மகிந்திரா பள்ளி அவற்றில் ஒன்று. மீதியில்தான் உங்கள் பிள்ளை, பீஜிங் பிள்ளை, லாகோஸ் பிள்ளை எல்லோரும். எட்டு, ஏழு என்று பேசிக்கொண்டிருந்தோமே, நிதியுதவி கேட்கும் இந்திய மாணவருக்கு அது அவற்றைவிடக் கணிசமாகக் குறைந்த எண் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

ஊகிக்காமல் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. ‘காமன் டேட்டா செட்’ என்ற அறிக்கையைப் பல கல்லூரிகள் ஆண்டுதோறும் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அதில் எச்6 என்ற கேள்விக்குப் போங்கள். வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி உதவி அளித்தது, சராசரி எவ்வளவு டாலர் என்று இருக்கும். மொத்த வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை பி பகுதியில் கிடைக்கும். உதவி பெற்றோர் பாதிக்கு மேல் இருந்து, சராசரித் தொகையும் கட்டணத்தை நெருங்கினால் விண்ணப்பிக்கலாம். சராசரி 20,000 டாலர் என்றிருந்தால், சேர்க்கை விகிதம் 40% ஆனாலும் உங்களுக்கு அந்தக் கல்லூரி பூஜ்யம்தான். இடம் கிடைக்கும், போக முடியாது.

அதே தந்தையார்: அப்படியானால் ஏர்லி டிசிஷனில் போடலாமா?

பதில்: ஒரே ஒரு கல்லூரி மீதுதான் மனம் நிற்கிறது, அது தேவை முழுவதையும் தரும் கல்லூரி என்றால் போடலாம். தரப்படும் தொகை போதவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பார்கள். ஆனால் போதுமா போதாதா என்பதை வேறு கல்லூரிகளின் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். முடிவு டிசம்பர் நடுவில், அரையாண்டுத் தேர்வு நேரத்தில் வரும். பல கல்லூரிகளுக்கு மற்ற விண்ணப்பங்களின் கடைசி நாள் ஜனவரித் தொடக்கத்தில். நிராகரிப்பு வந்த பிறகு பத்துக் கட்டுரைகளை உட்கார்ந்து எழுதலாம் என்று இருந்துவிடாதீர்கள்; நவம்பரிலேயே எழுதி வையுங்கள்.

டொரன்டோவிலிருந்து ஒரு மாணவி: இந்தக் கல்லூரிகளின் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்கிறார் என் அப்பப்பா. அவர் யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தவர்.

பதில்: அவருக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1806-இல் வில்லியம்ஸ் மாணவர்கள் சிலர் மழைக்கு ஒதுங்கிய ஒரு வைக்கோற்போரடியில் செய்த பிரார்த்தனையிலிருந்துதான் அமெரிக்க மிஷன் சங்கம் 1810-இல் பிறந்தது. அந்தச் சங்கம் யாழ்ப்பாணம் வந்து 1823-இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியின் வழித்தோன்றலே அவர் படித்த கல்லூரி. பெயர் தெரியாதிருப்பது சேர்க்கைக்கு நல்லதே. ஹார்வர்டுக்குப் போடுவோம் பார்க்கலாம் என்று போடுபவர்கள் இங்கே அவ்வளவாகப் போடுவதில்லை.

மதுரையிலிருந்து ஒரு ஆசிரியை: பிரின் மார் கல்லூரி 30% அளவில் சேர்க்கிறதாம். தரம் குறைவா?

பதில்: இல்லை. மகளிர் கல்லூரி என்பதால் விண்ணப்பிப்போர் பாதியாகக் குறைகிறார்கள். அதிலும் பெண்கள் மட்டும் படிக்கும் இடத்தில் படிக்க விரும்புவோர்தான் வருகிறார்கள். வகுத்தல் கணக்கில் கீழே இருக்கும் எண் சிறுத்தால் விகிதம் ஏறும், பேராசிரியர்கள் மாறுவதில்லை. பாதிக்கு மேற்பட்ட விண்ணப்பதாரர்களை எடுக்கும் ஊஸ்டர் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பேராசிரியருடன் தனித்து உட்கார்ந்து ஆய்வேடு எழுதியே பட்டம் பெறுகிறார். உங்கள் மாணவிகளுக்கு இப்படிப்பட்ட நான்கைந்து பெயர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அவற்றில் சில, தேவையைத் தவிரத் தகுதிக்கும் உதவித்தொகை தருகின்றன. ஆம்ஹர்ஸ்டோ வில்லியம்ஸோ அப்படித் தருவதில்லை.

வேலூரிலிருந்து ஒரு மாணவர்: கணினி அறிவியலுக்குத் தனிப் போட்டியா?

பதில்: பொதுவாக இல்லை. துறைக்கல்ல, கல்லூரிக்கே சேர்க்கிறார்கள். துறையை இரண்டாம் ஆண்டு முடிவில் சொன்னால் போதும். பொறியியலே வேண்டும் என்றால் ஸ்வார்த்மோரையும் ஹார்வி மட் கல்லூரியையும் பாருங்கள்.

சேலத்திலிருந்து ஒரு தந்தையார்: மகன் மாவட்டக் கிரிக்கெட் அணியில் ஆடுகிறான். பயன்படுமா?

பதில்: அவனுடைய ஈடுபாட்டுக்குச் சான்றாகப் பயன்படும், பயிற்சியாளர் தேடி வர மாட்டார். ஸ்குவாஷ் என்றால் கதை வேறு. ஹார்ட்ஃபோர்டில் உள்ள டிரினிட்டி கல்லூரி அணி 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 போட்டிகளில் வென்றது. அந்த அணிகளில் இந்திய வீரர்கள் பலர் இருந்தார்கள்.

கோவைத் தாயார், மறுபடியும்: காத்திருப்புப் பட்டியலில் வைத்தால் என்ன செய்வது?

பதில்: வேறொரு கல்லூரியில் மே 1-க்குள் இடத்தை உறுதி செய்துவிட்டு, காத்திருக்கிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிப் போடுங்கள். முன்பு சொன்ன ‘காமன் டேட்டா செட்’ அறிக்கையில் சி2 என்ற கேள்வியைப் பாருங்கள். ஓர் ஆண்டு ஐம்பது பேரை எடுத்த கல்லூரி மறு ஆண்டு ஒருவரையும் எடுக்காமல் இருந்திருக்கும். மே மாதத்துக்குள் நிதியுதவிக்கான பணம் பெரும்பாலும் பங்கிடப்பட்டிருக்கும் என்பதால், மகள் உதவி கேட்டிருந்தால் அந்தப் பட்டியலை நம்பி, கையில் இருக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள்.