எக்ஸ்ரேக்குத் தெரியாத முள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மூன்று மாதத்துக்கு முதல் காணி துப்புரவாக்கும்போது என் கணவருக்கு உள்ளங்காலில் ஈச்ச முள் ஏறிவிட்டது. அப்போதே இழுத்து எடுத்தோம். வீக்கம் வற்றுவதும் திரும்ப வருவதுமாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம். இப்போது காலுக்கு ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்கான் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத்தானே என்று பக்கத்து வீட்டு அன்ரி கேட்கிறா. அதே காலில் 2009இல் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்றும் இருக்கிறது. அதால் ஏதும் பிழை வருமா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகத்தான் வேண்டுமா?"

போகத்தான் வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு, இரும்பு, பெரும்பாலான கண்ணாடித் துண்டுகள் எல்லாம் தெளிவாக விழும். முள், மரச் சிராய், பனங்கருக்கு போன்றவை அப்படி விழுவதில்லை. கதிர் தசைக்குள்ளால் போவதுபோலவே அவற்றுக்குள்ளாலும் போய்விடும். உள்ளே கிடந்து ஊறிய முள் என்றால் இன்னும் மோசம். ஆகவே "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற பேச்சை வைத்து, முள் இல்லை என்று மனம் ஆறிவிடாதீர்கள். எத்தனையோ பேர் அந்த ஒரு வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் நொண்டியிருக்கிறார்கள்.

இந்த ஸ்கானில் (அல்ட்ராசவுண்ட்) கதிர் கிடையாது, வெறும் ஒலிதான். கடலில் படகுக்கு அடியில் மீன் கூட்டம் நிற்கிறதா என்று பார்க்கும் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது: ஒலியை அனுப்பி, பட்டுத் திரும்புவதைக் கேட்பது. வயிற்றை ஆழமாகப் பார்க்க 2 முதல் 5 மெகாஹேர்ட்ஸ் ஒலி போதும். தோலுக்குக் கீழே கிடக்கும் சின்னப் பொருளுக்கு 10 மெகாஹேர்ட்ஸும் அதற்கு மேலும் வேண்டும். அதற்கென்று தட்டையான முகமுள்ள வேறொரு பிடி இருக்கிறது. அதைத்தான் உங்கள் கணவரின் காலில் வைப்பார்கள்.

திரையில் முள் எப்படித் தெரியும் தெரியுமா? சாம்பல் நிறத் தசைக்கு நடுவில் ஈர்க்குத் துண்டுபோல ஒரு வெள்ளைக் கோடு. அதன் கீழே கறுப்பு நிழல். பல நாள் கிடந்த முள் என்றால், கோட்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம்: அழற்சியும் சீழும். நான் பார்த்த ஒரு கமக்காரரின் பாதத்தில் அந்தக் கோடு 9 மில்லிமீற்றர் நீளம், தோலிலிருந்து 6 மில்லிமீற்றர் ஆழம். தோலில் பேனையால் அடையாளம் போட்டு அனுப்பினேன். அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அந்த அடையாளம் முக்கியம். இடம் தெரியாமல் வெட்டித் தேடுவது உள்ளங்காலுக்கு நல்லதல்ல. முள் தெரிந்தால் "இடத்தைக் குறித்துவிடுங்கோ டொக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.

ஈச்ச முள்ளுக்கு இன்னொரு குணம் உண்டு. முனை முறிந்து மூட்டுக்குள் தங்கினால், குத்தின காயம் ஆறி, ஆளே அதை மறந்த பிறகும் மூட்டு வீங்கும். வாதம் என்று நினைத்து மருந்து குடிப்பவர்களும் உண்டு. முள் ஏறிய கதையைச் சொல்லாவிட்டால் எந்த வைத்தியருக்கும் அது பிடிபடாது.

செல் துண்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒலி அதை அசைக்காது, சூடாக்காது. அது பளிச்சென்ற வெள்ளையாக, கீழே வால் விட்டபடி தெரியும், அவ்வளவுதான். ஆனால் எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அங்கே இருப்பது பெரிய காந்தம். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். வன்னியில் உடம்புக்குள் இரும்போடு வாழ்பவர்கள் கொஞ்சப் பேரல்ல. திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போய், கேட்டாலும் சொல்லாமல் விடுகிறார்கள். அந்தச் சலிப்பு எனக்கு விளங்குகிறது. என்றாலும் சொல்லுங்கள்.

சரி, அன்ரியின் கேள்விக்கும் வருகிறேன். ஸ்கான் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டுமல்ல. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேர்வதை ஸ்கான் காட்டிக்கொடுக்கும். காய்ச்சல் விட்டுவிட்டதே, எதற்கு ஸ்கான் என்று பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். கெண்டைக்காலில் இரத்தம் கட்டியிருந்தால், பிடியால் அழுத்தும்போது அந்த நாளம் தட்டையாகாது. அதை வைத்தே கண்டுபிடிக்கிறோம். குறைமாதக் குழந்தையின் மூளையை உச்சிக்குழி வழியாகப் பார்க்கலாம். பொடியன்களுக்குத் திடீரென விதையில் வலி வந்தால், விதை முறுக்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதைக் கொண்டுதான். ஆனால் அங்கே சுமார் 6 மணித்தியாலம்தான் கையில் இருக்கும். ஸ்கானுக்காகக் காத்திராமல் உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எலும்புக்கு உள்ளே ஸ்கானுக்குத் தெரியாது. காற்றுக்குப் பின்னாலும் தெரியாது. எலும்பை ஒட்டிக் கிடக்கும் சின்ன முள்ளும் தப்பலாம், பார்க்கிறவரின் கைப்பழக்கமும் வேண்டும். ஸ்கானிலும் ஒன்றுமில்லை என்று வந்து வீக்கம் மட்டும் மாறாமல் நின்றால், திரும்பப் போங்கள்.

அதுவரை ஊக்கு, ஊசி எதனாலும் கிண்ட வேண்டாம். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டதா என்று பாருங்கள். சீனி வருத்தம் இருந்தால், அல்லது காய்ச்சலோ காலில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடோ கண்டால், திகதி வரும்வரை இருக்காமல் அன்றைக்கே போங்கள்.

போகிற நாள் காலையில் பாதத்தை இளஞ்சூட்டு நீரில் கால் மணித்தியாலம் ஊறவையுங்கள். காய்ச்சுப்போன தோல் ஒலியை மறிக்கும். பழைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இழுத்தெடுத்த துண்டு இன்னும் கிடந்தால் அதையும், அதே ஈச்சம் பற்றையில் முழு முள் ஒன்றை முறித்துக் கடதாசியில் சுற்றியும் கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தால், உள்ளே எவ்வளவு நீளத்தைத் தேட வேண்டும் என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும்.